புனிதருக்கு முகம் கொடுத்தவர்

பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடி போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு எடைமேடை இருக்கிறது. லாரி மேலே ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எழுத்தில் எண் ஓடும். உள்ளே இருக்கிற ஆள் எடைச்சீட்டைக் கிழித்து நீட்டுவார். அந்த ஆள்தான் சீனிச்சாமி. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல கனத்த உடம்பு. அவர் உட்கார்ந்த பிறகு நாற்காலி கண்ணுக்குத் தெரியாது. உச்சியில் பொட்டு முடி கிடையாது, சுற்றிலும் மட்டும் காதுக்குக் காது ஒரு வளையம். கண்ணுக்குக் கீழே கருத்த பை தொங்கும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று வருசக்கணக்காக மாறி மாறி முழித்ததில் வந்தது அது. இப்படிப்பட்ட முகத்தை எவனாவது ஆசையாகப் பார்ப்பானா? ஒருவன் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சனி.

சீனிச்சாமிக்குச் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. அப்பா பருத்திக்காட்டில் கூலிக்காரர். மகனாவது படித்து நிழலில் உட்காரட்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். மகன் பத்தாம் வகுப்பில் கணக்கிலும் இங்கிலீஷிலும் கோட்டைவிட்டான். அப்புறம் அருப்புக்கோட்டையில் நூல் மில், திருப்பூரில் பனியன் கம்பெனி, திரும்பி வந்து கல்யாணம், கடைசியில் இந்த எடைமேடை. அப்பா ஆசைப்பட்ட நிழல் என்னவோ கிடைத்துவிட்டது. ஆனால் ஓய்வு என்று ஒன்று கிடைக்கவே இல்லை. கரிமூட்டை லோடு, மக்காச்சோள லோடு, வத்தல் லோடு என்று வந்துகொண்டே இருக்கும். வத்தல் வந்தால் தும்மல், கரி வந்தால் இருமல். வீட்டுக்குப் போனால் மனைவி சண்முகவடிவு போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரோரம் சாய்வார், சாய்ந்ததும் குறட்டை விடுவார். ஒரே மகள் ஜோதிகா எந்த வகுப்பு என்று திடீரென்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். பாசம் இல்லாமல் இல்லை. உடம்பில் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்குக் கிழக்கே கொஞ்சம் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்னக் கோயில். அருப்புக்கோட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அமலன் வந்து பூசை வைப்பார், போகும்போது பூட்டிவிட்டுப் போவார். பிள்ளைகள் படிக்க மாட்டேன் என்கிறார்களே என்று அவருக்குக் கவலை. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் படிப்புக்கென்று ஒரு புனிதரை வரைந்து வைத்தால் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தார். புனித தாமஸ் அக்வினாஸ், ஊர் வாயில் அக்வினார். பல நூறு வருசத்துக்கு முன்னால் மடத்தில் இருந்த துறவி. படிப்பதும் எழுதுவதும்தான் அவருக்கு வாழ்க்கை. வரைவதற்குத் தூத்துக்குடிப் பக்கமிருந்து சந்தனம் என்ற ஓவியர் வந்தார்.

சந்தனம் கைதேர்ந்த ஆள்தான். அங்கி, புத்தகம், மேகம் எல்லாம் மளமளவென்று வரைந்துவிட்டார். முகம்தான் வரவில்லை. "இவரு குண்டா இருந்தவரு ஃபாதர். உச்சி மழிச்ச தலை. படிச்சுப் படிச்சுக் களைச்ச மொகமா இருக்கணும். அப்படி ஒரு மொகம் எனக்குச் சிக்க மாட்டேங்குது" என்று இரண்டு நாள் தூரிகையைத் தொடாமல் திரிந்தார். அப்படித் திரிந்தவர் ஒரு நாள் மத்தியானம் எடைமேடைக்கு எதிரே டீ குடிக்க நின்றார். கண்ணாடிக்குள்ளே சீனிச்சாமி ஒரு கையில் கன்னத்தைத் தாங்கி, மறு கையில் பேனாவோடு, எடைச்சீட்டுக் கட்டின் மேல் பாதிக் கண் செருகிக் கிடந்தார். மாற்று ஆள் வராமல், விடிய விடிய ஓடிய லாரிக்குக் கணக்குப் போட்டுவிட்டுப் பகலிலும் உட்கார்ந்த களைப்பு. சந்தனத்துக்கு அது ஞானத்தின் களைப்பாகத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை, சொல்லவில்லை, செல்போனில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

திருவிழாவன்று ஃபாதருக்கும் மேலதிகாரியான ஆயர் வந்து படத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். விருந்துச் சாப்பாட்டுக்குப் போயிருந்த கரி லாரி நல்லமுத்துதான் முதலில் கண்டுபிடித்தான். சாப்பாட்டுக் கையைக் கழுவாமலே எடைமேடைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, உங்களச் சாமியாக்கிட்டாகண்ணே."

"ஏலே, வேலையப் பாத்துட்டுப் போ."

"நெசமாத்தான். தலையச் சுத்தி வெளிச்சம், நெஞ்சுல சூரியன், காதுகிட்ட ஒரு புறா. மத்ததெல்லாம் நீங்கதான். அந்தத் தூங்குமூஞ்சி உள்பட."

சீனிச்சாமிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா? நாலு நாள் கேலி செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார். டிரைவர்களும் அப்படித்தான், "நெஞ்சுல பல்பு எரியுதே, கரண்டு எங்கருந்துண்ணே இழுக்கீக" என்று கேட்டுச் சிரித்து ஓய்ந்தார்கள். டிரைவர்கள் ஓய்ந்தாலும் அம்மாமார்கள் ஓயவில்லை.

ஆரம்பித்து வைத்தது கஸ்தூரி. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கிறவள். அவள் மகன் அசோக்குக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அக்வினாரின் காலடியில் பேனாவை வைத்து எடுத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, பரீட்சை அன்று காலையில் பேனாவோடு கோயிலுக்குப் போனாள். கோயில் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பரீட்சையோ பத்து மணிக்கு. நம் ஊர்க்காரி லேசில் விடுவாளா? நேரே எடைமேடைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, கோயிலு பூட்டிக் கெடக்கு. படத்துல இருக்கதும் நீங்கதான, நீங்களே தொட்டுக் குடுத்துருங்க."

"நான் என்னத்தா தொட? நானே பத்துல பெயிலு."

"அதெல்லாம் இருக்கட்டும். நேரமாகுது."

பின்னால் இரண்டு லாரி ஆரன் அடித்துக்கொண்டு நின்றன. ஆளை அனுப்பினால் போதும் என்று சீனிச்சாமி பேனாவை வாங்கித் தொட்டுக் கொடுத்து, "போயிட்டு வாப்பா, நல்லாப் பண்ணு" என்றார். அசோக் பாஸ் பண்ணிவிட்டான். பாஸ் என்றால் சும்மா இல்லை, யாரும் நினைக்காத மார்க். அதற்கு அவன் ராத்திரியெல்லாம் கண் முழித்துப் படித்தது காரணமாக இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவ்வளவுதான், தீர்ந்தது சீனிச்சாமியின் நிம்மதி. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு, போலீஸ் பரீட்சை, டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை, எல்லாவற்றுக்கும் பேனா வந்தது. திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அந்த வழியாகத் தூத்துக்குடி போகிறவர்கள் காரை ஓரங்கட்டினார்கள். பூட்டிய கோயிலில் இருக்கிற படத்தைவிட, ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருக்கிற ஆள் வசதியில்லையா? தூங்கிக்கொண்டிருந்தால் தட்டி எழுப்பினார்கள். மெயின் ரோட்டில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் மும்தாஜ் பேகம் மட்டும் பேனா கொண்டுவரவில்லை. "நாங்க அல்லாகிட்ட மட்டுந்தாண்ணே கேப்போம். ஆனா உங்களால என் கடையில பேனா நிக்க மாட்டேங்குது. உங்களுக்கு ஒரு டஜன் பேனா சும்மாத் தரணும்" என்று சிரித்தாள்.

சாமி ஆனதில் வேறு தொல்லைகளும் இருந்தன. டீக்கடையில் பீடி பற்றவைத்தால் முகம் சுளித்தார்கள். மாதத்துக்கு ஒரு நாள் ஒதுக்குப்புறமாக ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டுப் படுப்பார், அதுவும் போயிற்று. எடை ஏய்க்கிற டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார், அதற்கும் வழியில்லை. "சாமி வாயில இப்படி வரலாமா" என்று எவனாவது ஆரம்பித்துவிடுகிறான். மனிதனுக்குத் திட்டக்கூட உரிமை இல்லை என்றால் என்ன பிழைப்பு சொல்லுங்கள்.

மறுவருசம் ஜோதிகா பன்னிரண்டாம் வகுப்பு. சீனிச்சாமியின் உண்மையான பாடு அங்கேதான் தொடங்கியது. அவளுக்குக் கணக்கு வராது. அது அவருடைய ரத்தத்திலிருந்து போனது, யாரைச் சொல்லிக் குற்றம்? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவளைச் சாமி மகள் என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியாரே ஒரு நாள் விடைத்தாளைக் கொடுக்கும்போது, "என்னம்மா, வீட்டுல சாமிய வச்சுக்கிட்டு இவ்வளவுதானா" என்றாராம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் பெயிலாயிட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"அப்படியெல்லாம் பேசாத தாயி."

"ஊருல எல்லாரும் நம்மளையே பாக்குறாக. அந்தப் படம் இருக்க வரைக்கும் எனக்குப் படிப்பே ஓடாது."

சீனிச்சாமி பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவினார். யார் யாருக்கோ நல்லது நடக்கிறதோ இல்லையோ, நம் பிள்ளைக்கு நாமே முள்ளாகிவிட்டோமே என்று நினைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு ஷிப்டு முடிந்ததும் தூங்காமல் கோயிலுக்குப் போனார். பூசை முடியும்வரை வெளியே நின்றார். எல்லோரும் போன பிறகுதான் உள்ளே வந்து படத்தை முழுசாகப் பார்த்தார்.

வெள்ளை அங்கி, அதன் மேல் கருப்புப் போர்வை. நெஞ்சில் கதிர் விரிந்த சூரியன். காதோரம் ரகசியம் சொல்வதுபோல் வெண்புறா. முன்னால் பாயகலத்துக்கு விரிந்து கிடக்கும் புத்தகம், கையில் இறகுப் பேனா. எல்லாவற்றுக்கும் மேலே சீனிச்சாமியின் சொந்த முகம், கண்ணுக்குக் கீழே பையும் பாதி செருகிய விழியுமாக. இந்த ஆளைக் கொஞ்ச நேரம் தூங்க விட்டால் என்ன என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஃபாதர் அமலன் வந்தார். சீனிச்சாமி கைகூப்பினார்.

"சாமி, மத்தது அப்படியே இருக்கட்டும். மொகத்த மட்டும் மாத்திருங்க. ஒரு தாடியாவது வச்சுருங்க."

"அக்வினாருக்குத் தாடி கெடையாதுங்களே."

"எனக்கும்தான் கெடையாது. அதுதான தொல்லை."

ஃபாதர் சிரித்தார். அப்புறம் சீனிச்சாமியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆயர் மந்திரிச்ச படம் அண்ணாச்சி. நானா கை வைக்க முடியாது. நீங்க ஜனங்ககிட்ட நேராச் சொல்லிருங்களேன், நான் சாதாரண ஆளுன்னு."

"சொல்லிட்டேன் சாமி. தன்னடக்கம்கிறாக."

ஆறுதலாக இருக்கட்டும் என்று ஃபாதர் புனிதரைப் பற்றிச் சொன்னார். அவரும் சின்ன வயதில் பேச மாட்டாராம், கூடப் படித்தவர்கள் ஊமைக்காளை என்று கேலி செய்வார்களாம். பிறகு மலைமலையாக எழுதினாராம். கடைசிக் காலத்தில் ஒரு நாள் போதும் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம், யார் கெஞ்சியும் எடுக்கவில்லையாம். "அப்ப அவுகளுக்கும் முடியாமப் போச்சு போல" என்றார் சீனிச்சாமி. முதல் தடவையாக அந்தப் புனிதரின் மேல் அவருக்கு ஒரு ஒட்டுதல் வந்தது. ஆனால் போன காரியம் நடக்கவில்லை.

படத்தை எடுக்க முடியாது. சரி, மகளுக்கு முன்னாலாவது சாமியாக நிற்காமல் இருப்போம் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். அவள் படிக்கிற பக்கம் போகவில்லை. பரீட்சை என்ற பேச்சை வீட்டில் எடுக்கவில்லை. சண்முகவடிவு ஒரு நாள், "பிள்ளைகிட்ட என்ன ஏதுன்னு கேக்கக்கூடாதா" என்றாள். "வேண்டாம். நம்ம மூஞ்சியப் பாத்தாலே அதுக்குப் பயம்" என்று சொல்லிவிட்டார். கணக்குப் பரீட்சை அன்று விடியும் முன்னே வண்டியை எடுத்துக்கொண்டு எடைமேடைக்குப் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே பேனாக்களோடு ஒரு கூட்டம் நின்றது. ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொடுத்தார். போயிட்டு வாம்மா, நல்லாப் பண்ணு. போயிட்டு வாப்பா, நல்லாப் பண்ணு. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். காலையில் ஜோதிகா செல்போனை எடுத்து ரிசல்ட்டைப் பார்த்தாள். அப்புறம் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணக்கு பெயில். சண்முகவடிவு கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "துணைத்தேர்வு இருக்குடி, அடுத்த மாசமே எழுதிரலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் சீனிச்சாமியைப் பயமுறுத்தியது. பேப்பரில் என்னென்னவோ படிக்கிறோம் அல்லவா? அவர் எழுந்து போய் உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறாளா என்று லேசாகத் தள்ளிப் பார்த்தார். போடவில்லை. அதற்கே குலசாமியைக் கும்பிட்டார்.

பத்து மணிக்கெல்லாம் லட்டு டப்பாக்களோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எடைமேடையில் ஆளைக் காணாமல் வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு குவிந்தது. எல்லோருக்கும் முன்னால் கஸ்தூரி நின்றாள். இந்த வருசம் அவள் தங்கச்சி மகள் ப்ரியா பாஸ். "வாயத் தொறங்கண்ணே" என்று ஒரு லட்டை நீட்டினாள். சீனிச்சாமி அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"இங்க பாருங்க. எல்லாரும் கேட்டுக்கங்க. எம்மக கணக்குல பெயிலு. எங்கிட்ட ஒரு சக்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இனிமே பேனாவத் தூக்கிக்கிட்டு ஒருத்தரும் வராதீக."

கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. விட்டது தொல்லை என்று நினைத்தார். அப்போதுதான் கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"பாத்தியா. ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் குடுத்துட்டு, தன் பிள்ளைக்குன்னு ஒண்ணும் வச்சுக்கிடல இந்த மனுசன். யாருக்கு வரும் இந்த மனசு."

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். ஒரு பெண் குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். சீனிச்சாமி பதறிப் பின்னால் நகர்ந்தார். இவர்களிடம் என்ன சொன்னாலும் அது சாமி சொன்னதாகத்தான் ஆகப்போகிறது என்று அவருக்கு அப்போது நன்றாக விளங்கிவிட்டது. மும்தாஜ் பேகம்தான் நிலைமையைப் பார்த்து, "பிள்ள உள்ள அழுதுக்கிட்டு இருக்கும், எல்லாரும் கெளம்புங்க" என்று கூட்டத்தை வெளியே நகர்த்தினாள்.

அவர் திரும்பினார். உள்அறைக் கதவு திறந்திருந்தது. ஜோதிகா நிலையில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அவுக சொன்னது நெசமாப்பா? எனக்குன்னு ஒண்ணும் வைக்கலையா?"

ஊருக்கெல்லாம் நான் சாமி இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவளிடம் அதைச் சொல்ல வரவில்லை. "உனக்குப் பிடிக்காதுன்னுதான் தாயி ஒதுங்கிக்கிட்டேன். படத்தக்கூட மாத்தச் சொல்லிக் கேட்டுப் பாத்தேன்" என்றார்.

"படம்தான் பிடிக்காதுன்னேன். பரீட்ச அன்னைக்கி நான் முழிச்சுத்தான் படுத்திருந்தேன். போயிட்டு வான்னு சொல்ல வருவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வண்டி சத்தந்தான் கேட்டுச்சு. அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போனா, அங்க எல்லாரும் எங்கப்பா என்ன சொன்னாருன்னு எங்கிட்டயே சொல்லிக்கிட்டு நிக்காக."

சீனிச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வருசக்கணக்காக முழித்த களைப்பு முழுவதும் அந்த நிமிசத்தில் அவர் மேல் வந்து இறங்கியது. கையில் இருந்த லட்டு உதிர்ந்து மடியில் கொட்டியது.

"நீயா வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தாயி. மத்தவுகெல்லாம் கேக்கலையா?"

"அவுகெல்லாம் சாமிகிட்டக் கேட்டாகப்பா. அப்பாகிட்ட இதயும் கேட்டா வாங்குறது?"

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு அழுதார். ஜோதிகா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மடியில் உதிர்ந்து கிடந்ததைத் தட்டிவிட்டாள்.